கேட்டால் வரும் கோப்பு



‘மின்னஞ்சலில் கேட்டால் தானாகவே கோப்பை அனுப்பும் மென்பொருள்’ என்று இந்தக் கூட்டத்தின் நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வாசலில் ஒரு பெரியவர், “இதுக்கும் நம்ம பழவேற்காட்டு ஏரிக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்றார். “உள்ளே வந்து உட்காருங்க ஐயா, சொல்றேன்” என்றேன். வந்து உட்கார்ந்துவிட்டார். இனி நான் தப்ப முடியாது.

1985க்குப் போவோம். அமெரிக்காவில் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஜாக் டொங்காரா, பெல் ஆய்வகத்தில் எரிக் குரோஸ். இருவரும் கணக்குப் போடும் நிரல்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு நிரல் வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும். அங்கே ஒருவர் அதைக் காந்த நாடாவில் பதிந்து, பொட்டலம் கட்டி, தபாலில் சேர்க்க வேண்டும். இருநூறு வரி நிரல் ஒன்று போதும் என்பவருக்கும் நாடாதான். அனுப்புகிறவர் விடுப்பில் போனால் கேட்டவர் காத்துக் கிடக்க வேண்டும்.

இருவரும் செய்த காரியம் இவ்வளவுதான். ஒரு மின்னஞ்சல் முகவரியை ஏற்படுத்தினார்கள். அதற்கு வரும் மடல்களைப் படிக்க ஆளுக்குப் பதில் ஒரு நிரலை உட்கார வைத்தார்கள். மடலில் ‘சென்ட் இண்டெக்ஸ்’ என்று இரண்டே சொல் எழுதினால், என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் வரும். பட்டியலைப் பார்த்து, வேண்டியதன் பெயரைச் சொல்லி மறுபடி எழுதினால் அது வரும். நெட்லிப் என்று பெயர். 1987இல் கணினித் துறையின் முக்கியமான இதழ் ஒன்றில் இதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்கள்.

நடுராத்திரி கேட்டாலும் கிடைத்தது. நீ யார், எந்த ஊர், எதற்குக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. அரசு அலுவலகத்தில் ஒரு காகிதத்துக்காக ஜன்னலோரம் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை முழுதாகப் புரியும். நம் நாட்டில் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது அதன் 6ஆவது பிரிவில் ஒரு வரி வைத்தார்கள்: தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய பேச்சு வந்த நாளிலிருந்து இந்த ஊரில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தைப் படித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். காரணம் கேட்காமல் கொடு என்ற அந்த வரிக்காக நாட்டில் எத்தனையோ பேர் பல ஆண்டுகள் போராடினார்கள். நெட்லிப்பில் அது இயல்பாகவே இருந்தது. காரணம் கேட்க அந்த நிரலுக்குத் தெரியாது.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 1986இல் மத்திய மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி வலையமைப்பைத் தொடங்கியது. பம்பாயில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், நம் சென்னை ஐஐடி உட்பட ஐந்து ஐஐடிகள், தில்லியில் துறையின் அலுவலகம் என்று எட்டு இடங்கள். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல், விஎஸ்என்எல் மூலம். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலோரிடம் இருந்தது இன்டர்நெட் அல்ல, மெயில் மட்டும். ஒரு கணினி இன்னொரு கணினியைச் சாதாரண டெலிபோனில் கூப்பிடும், சேர்ந்திருந்த மடல்களைக் கொடுக்கும், வந்திருந்தவற்றை வாங்கிக்கொள்ளும், போனை வைத்துவிடும். எஸ்டிடி கட்டணத்துக்கு பயந்து ராத்திரியில்தான் கூப்பிடுவார்கள்.

கோப்புகள் கிடந்த இடமோ எஃப்டிபி கிடங்குகள். அவற்றுக்குள் நுழைய நேரடி இணைப்பு வேண்டும். மெயில் மட்டும் உள்ளவர் வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் எஃப்டிபிமெயில். அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பால் விக்ஸி எழுதியது. நீங்கள் மடல் எழுதினால் போதும்; உங்களுக்காக அது கிடங்குக்குள் போய் எடுத்து வரும்.

மடல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் வரியில் ‘கனெக்ட்’ போட்டு கிடங்கின் பெயர். அடுத்த வரியில் ‘சிஹெச்டிர்’ போட்டு அறையின் பெயர். பிறகு ‘பைனரி’. பிறகு ‘கெட்’ போட்டுக் கோப்பின் பெயர். கடைசியில் ‘க்விட்’. அவ்வளவுதான் மடல். அன்புள்ள என்றோ இப்படிக்கு என்றோ எழுதினால் அதையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, புரியவில்லை என்று பதில் போடும்.

அனுப்பியாயிற்று. சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பதில் வரும். ஒரு மடலாக வராது. அன்றைய மெயிலில் வெறும் எழுத்துதான் போகும். படமோ நிரலோ போகாது. அதனால் கோப்பின் மூன்று மூன்று பைட்டையும் நான்கு நான்கு எழுத்தாக மாற்றி அனுப்புவார்கள். திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாகப் பொருளில்லாத எழுத்துக் குப்பை. முழு வரி ஒவ்வொன்றும் ஆங்கில ‘எம்’ எழுத்தில் தொடங்கும். வரிக்கு 45 பைட் அடங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பெரிய மடலை வழியிலுள்ள கணினிகள் தடுத்துவிடும் என்பதால் 64,000 எழுத்துக்கு ஒரு துண்டாக வெட்டுவார்கள். பத்து லட்சம் பைட் உள்ள கோப்பு இருபதுக்கும் மேற்பட்ட மடல்களாக வந்து விழும். பன்னிரண்டாவது முதலில் வரும், மூன்றாவது மறுநாள் வரும். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, தலைப்பகுதிகளை வெட்டி எறிந்து, ஒட்டி, திரும்பப் பழைய உருவுக்கு மாற்ற வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் மொத்தமும் வீண். அதற்கும் பொறுமை இருந்தது. வேறு வழியில்லை என்றால் பொறுமை தானாக வரும்.

1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் ஆர்கைவைத் தொடங்கினார். இன்று உலகமே அறிந்த அந்த ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம் அன்று வெறும் மெயில் பெட்டி. பொருள் வரியில் ‘கெட்’ போட்டுக் கட்டுரையின் எண்ணை எழுதினால் கட்டுரை வரும். அதற்கு முன் புதிய கட்டுரையின் நகல் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு முதலில் போகும். நம் ஆள்களுக்குக் கடல் தபாலில், பல மாதம் கழித்து. மெயில் பெட்டி வந்ததும் பிரின்ஸ்டனில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஒரே இரவில் கேட்டு வாங்க முடிந்தது. பின்னாளில் ஆர்கைவின் இந்தியப் பிரதியே தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் ஒரு பஸ் பயணத் தூரம்தான்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு நெருங்கி வருகிறேன். ஒரு கணினி, ஆயிரம் பேர் கேட்கிறார்கள். யாருக்கு முதலில்? இதற்கு விடை இந்த ஏரியில் இருக்கிறது. பாடு முறை. இறால் நன்றாகப் படும் இடம் முகத்துவாரத்தை ஒட்டிக் கொஞ்சம்தான். வலை போட ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். இன்றைக்கு யார், நாளைக்கு யார், எந்த இடத்தில் யார் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டு, சுற்றிவர விட்டிருக்கிறார்கள். எஃப்டிபிமெயிலும் அதைத்தான் செய்தது. மடல்கள் வரிசையில் நிற்கும். முறை வந்ததும் எடுக்கும். ஒரே ஆள் மொத்தக் கிடங்கையும் வாரிக்கொண்டு போகாதபடி அளவு வைத்திருக்கும். பழவேற்காட்டுப் பாடு பற்றி வெளிநாட்டிலிருந்து வந்தவர்களெல்லாம் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், பாராட்டியும் எழுதியிருக்கிறார்கள். பாராட்டோடு ஒன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாடு பங்கு பட்டினவர் சமூகத்துக் குப்பங்களுக்குத்தான். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும், வலை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அந்த வரிசையில் இடமில்லை. மெயில் பெட்டியும் அப்படியே. முகவரி இருந்தவருக்குத்தான் அது சமத்துவம். முகவரி இல்லாதவருக்கு அப்படி ஒரு வரிசை இருப்பதே தெரியாது.

நடுவில் ஒரு வேடிக்கை. ஆளில்லாமல் பதில் போடும் பெட்டிகள் இரண்டு ஒன்றையொன்று சந்தித்தால் என்ன ஆகும்? ‘நான் ஊரில் இல்லை’ என்று தானாகப் பதில் போடும் ஒரு பேராசிரியரின் மெயிலுக்கு இந்தப் பெட்டி, ‘உங்கள் கட்டளை புரியவில்லை’ என்று பதில் போடும். அதற்கு அது, ‘நான் ஊரில் இல்லை’. இதற்கு இது, ‘புரியவில்லை’. விடிய விடிய நடக்கும். அதனால் இயந்திரம் எழுதிய மடலுக்கு இயந்திரம் பதில் போடாதே என்று விதி வைத்தார்கள். மேடைகளிலும் அப்படி ஒரு விதி இருந்தால் நல்லது.

கடலுக்கு வருகிறேன். வலைத்தளங்கள் பெருகி, இணைப்பு மலிந்து, மெயிலில் கோப்பு கேட்கும் பழக்கம் நகரங்களில் செத்துப்போனது. கடலில் சாகவில்லை. பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள் சிற்றலை ரேடியோவில் மெயில் அனுப்புவார்கள். மகா மந்தமான இணைப்பு. அவர்களுக்காக செயில்டாக்ஸ் என்றொரு சேவை. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையும் எஃப்டிபிமெயில் என்ற அதே பழைய பெயரில் கடல் முன்னறிவிப்புகளையும் வரைபடங்களையும் மாலுமிகளுக்கு அனுப்பி வந்தது. செயில்டாக்ஸில் இந்தப் பக்கத்துக் கடலைக் கேட்க வேண்டுமென்றால் மடலில் ஒரே வரி. ‘சென்ட்’ என்று போட்டு, எந்த முன்னறிவிப்பு என்று சொல்லி, 15 வடக்கு, 12 வடக்கு, 80 கிழக்கு, 83 கிழக்கு என்று நான்கு எல்லை கொடுத்து, எத்தனை மணி நேரத்துக்கு, காற்றா அழுத்தமா அலையா என்று குறிக்க வேண்டும். திரும்பி வருவது சில ஆயிரம் பைட். இன்று நீங்கள் போனில் அனுப்பும் ஒரு ‘குட் மார்னிங்’ பூப்படத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கேட்பவர் தனக்கு வேண்டிய கட்டத்தை மட்டும் வெட்டிக் கேட்கிறார். உலகத்துக் காற்றையெல்லாம் அவர் தலையில் கொட்டுவதில்லை.

நம் கரையில் இதற்கு மிக அருகில் வந்தது வீராம்பட்டினம். புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவ ஊர். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி உதவியோடு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் மையம்; அங்கே டெலிபோன் வழி இன்டர்நெட். ஊர்களுக்கு லைன் நம்ப முடியாது என்பதால் ரேடியோ. வங்காள விரிகுடாவில் அடுத்த நாள் அலை எவ்வளவு உயரும், காற்று எப்படி என்பதற்கான படத்தை அமெரிக்கக் கடற்படை தன் வலைத்தளத்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தது. மையத்தில் அதை இறக்கி, படத்தைப் படித்து, தமிழில் சொல்லி, ரேடியோவில் வீராம்பட்டினத்துக்கு அனுப்ப, அங்கே கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி கரையெங்கும் சொல்லும். அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்காகப் போட்ட கணக்கு நம் கட்டுமரத்துக்குப் பயன்பட்டது. 2001இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தது. பாருங்கள், எஃப்டிபிமெயில் செய்த வேலையை அங்கே ஆள்கள் செய்தார்கள்: இணைப்பு இல்லாதவருக்காக இணைப்பு உள்ள ஒருவர் போய் எடுத்து வருவது.

அதே புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து கடல் பொங்கும் செய்தியைச் சொல்ல, அந்தத் திட்டத்தின் மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்து ஊரையே அப்புறப்படுத்தினார்கள். யாரும் கேட்காமல் வந்த செய்தி. ஆபத்து என்றால் அப்படித்தான் வர வேண்டும். அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் அரசும் நிறுவனங்களும் கட்டியவற்றில் பெரும்பாலானவற்றை ஒலிபெருக்கியாகவே கட்டினார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஐதராபாத்தில் 1999இல் ஏற்பட்ட இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களைக் கணித்துச் சொல்கிறது. எந்த இறங்குதுறையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழத்தில் என்று துல்லியமாக. தொலைநகலில் வந்தது, மின்பலகையில் வந்தது, குறுஞ்செய்தியில் வந்தது, ஆப்பில் வருகிறது. நல்ல வேலை. ஆனால் அது பெரும்பாலும் ஆழ்கடல் போகும் விசைப்படகின் கேள்விக்கு விடை. ஃபைபர் படகில் கரையோரம் போய்வரும் அண்ணனுக்கும், இடுப்பளவுத் தண்ணீரில் ஏரியில் நிற்கும் அக்காவுக்கும் அந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அதன் பிறகு, 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாகக் கடலில் எங்கிருந்தாலும் எச்சரிக்கை வரும். ஆனால் ஒருவழி. கேட்கலாம், பேச முடியாது. 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர். இதில் இருவழியாகக் குறுஞ்செய்தி போகும். ஆபத்து என்று சொல்லலாம். இதுதான் நான் பிடித்துக்கொள்ள விரும்பும் இடம். ஆபத்து என்று சொல்ல வழி வைத்தவர்கள், ‘சென்ட் இண்டெக்ஸ்’ என்று கேட்கவும் வழி வைக்கலாமே! நாற்பது வருடத்துக்கு முந்தைய நுட்பம்தான்.

இந்த ஏரியில் என்ன கேட்பீர்கள்? நான் குப்பங்களில் பேசிப் பார்த்தவரை, முதல் கேள்வி முகத்துவாரம். திறந்திருக்கிறதா, மணல் மூடிக்கொண்டு வருகிறதா, படகு தட்டாமல் போகுமா. அரசு கற்சுவர் கட்டி அதை நிலைநிறுத்தும் வேலையை எடுத்திருக்கிறது. என்றாலும் இன்று காலை எத்தனை முழம் தண்ணீர் என்று எந்த ஆப்பும் சொல்வதில்லை. அடுத்தது ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. எந்த நாள், எந்த மணியிலிருந்து, தள்ளி வைத்துவிட்டார்களா. தள்ளி வைத்த செய்தி தெரியாமல் ஒரு நாள் தொழிலை விட்டவர்கள் இங்கேயே இருப்பீர்கள். அப்புறம் வாடை, கச்சான் என்று காற்று, நீவாடு என்று நீரோட்டம். அப்புறம் இறால் விலை, அது காசிமேட்டிலா இங்கேயா என்பதோடு.

இதற்கு வாட்ஸ்ஆப் குரூப் போதாதா என்பீர்கள். குரூப்பில் முகத்துவாரச் செய்தி காலை நான்கு மணிக்கு வரும். அதன் மேல் காதுகுத்து அழைப்பிதழ், கட்சிக் கூட்டம், நாற்பது பூப்படம். கரையை விட்டுக் கொஞ்சம் போனால் டேட்டா அறுந்துவிடும். ஒரு கோடு சிக்னல்தான் மிச்சம். அந்த ஒரு கோட்டில் எஸ்எம்எஸ் போகும். அதுவும் மெயில் மாதிரிதான்: சிக்னல் இல்லையென்றால் காத்திருந்து, கிடைத்ததும் வந்து சேரும். தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான் இடம்; கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. ‘முகத்துவாரம்’ என்ற சொல் ஒன்றே 12 குறியை எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு மிச்சம் 58. ‘காலை 5 மணி, நடுவில் 4 முழம், வடகரை மணல்’ என்று சொல்ல அது தாராளம்.

செலவு பெரிதில்லை. ஒரு பழைய கணினி, ஒரு சிம், சொல்லைப் பார்த்து அதற்குரிய கோப்பை எடுத்துப் பதில் போடும் ஒரு சின்ன நிரல். பின்வரிசையில் நிற்கும் தம்பிகளில் இரண்டு பேர் உட்கார்ந்தால் எழுதிவிடலாம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வைக்க வேண்டும். பாடு முறையில் பெயர் இருக்கிறதா, எந்தக் குப்பம் என்று அது கேட்கக் கூடாது. அந்த விதியை நிரலில் எழுதுவது ஒரு வரி. ஊர்க் கூட்டத்தில் நிறைவேற்றுவது எத்தனை வரி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கடினமான பகுதி கணினியில் இல்லை. நெட்லிப்பில் கோப்பு ஏற்கெனவே இருந்தது. கேட்டால் எடுத்துக் கொடுத்தார்கள். இங்கே கோப்பே இல்லை. விடியற்காலையில் முதல் படகில் முகத்துவாரத்தைத் தாண்டுகிறவர் கழியை ஊன்றிப் பார்த்து, ஆழத்தை ஒரு எஸ்எம்எஸ்ஸில் போட்டால்தான் மற்றவர் கேட்கும்போது கொடுக்க ஏதாவது இருக்கும். தினமும் போட வேண்டும், அவருக்குப் பாடு கிடைத்த நாளிலும் கிடைக்காத நாளிலும். அதை யார் செய்வது, அவருக்கு என்ன கொடுப்பது, மீன்துறை கொடுக்குமா, ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பீர்களா? இதை அடுத்த ஊர்க் கூட்டத்தில் வைக்கும்படி நாட்டாமைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நிரல் எழுத விரும்பும் தம்பி, தங்கைகள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், பேசுவோம்.